அப்டேட் கேட்கிறது, கொடுக்கலாமா அக்கா?

காரைக்குடி செக்காலைப் பக்கம் கல்யாண அழைப்பிதழ் வடிவமைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கடையில் இரண்டு கணினிகள். இரண்டிலும் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு ஓடுகிறது. படம் வரைய இங்க்ஸ்கேப், பக்கம் அமைக்க ஸ்க்ரைபஸ், புகைப்படம் திருத்த கிம்ப் இந்த மூன்று நிரல்களும்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகின்றன. நான் லினக்ஸ் வைத்திருப்பது தெரிந்ததிலிருந்து ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை நடத்தும் தம்பி, பள்ளத்தூரில் பலகாரக் கடை வைத்திருக்கும் தங்கச்சி என்று சிலர் என்னைப் பார்த்து அதையே நிறுவிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து மாதம் ஒரு முறையாவது தொலைபேசி வரும். கேள்வி ஒன்றுதான்: "அப்டேட் கேட்கிறது, கொடுக்கலாமா அக்கா?"

நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "திரையில் என்ன எழுதியிருக்கிறது, வாசித்தீர்களா?" வாசிக்காமல் சம்மதம் சொன்னவர்கள் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். பயந்துபோய் ஓராண்டாகப் புதுப்பிக்காமலே வைத்திருந்த கணினியையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே எனக்கு வருத்தம் தருகிறவை. ஆகவே திரையில் வரும் ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் பதில் பத்திரமானது என்பதை என் கடை அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். முனையத்தில் (கட்டளை தட்டும் 'டெர்மினல்' சாளரத்தில்) தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். எல்லாக் கட்டளைக்கும் முன்னால் 'சூடோ' சேர்க்க வேண்டும். கடவுச்சொல் கேட்கும், தட்டும்போது எழுத்து எதுவும் தெரியாது, அது இயல்பு.

ஓடு மாற்றுவதும் தூண் மாற்றுவதும்

எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் மழைக்கு முன்னால் உடைந்த ஓடுகளை மாற்றுவார்கள். ஒருநாள் வேலை, யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை. வளவில் நிற்கும் தேக்குத் தூணை மாற்றுவது வேறு. அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டும், ஆசாரி வேண்டும், விசேஷம் இல்லாத மாதமாகப் பார்க்க வேண்டும். கணினியிலும் இந்த இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

பாதுகாப்புத் திருத்தம் ஓடு மாற்றுவது போன்றது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பிலோ டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் நிலைப் பதிப்பிலோ (சோதித்து உறுதியானது) ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அந்த ஓட்டையை அடைக்கும் சிறு மாற்றத்தை மட்டும் பழைய பதிப்புக்குள்ளேயே சேர்த்து அனுப்புவதுதான் பொதுவான வழக்கம். பதிப்பு எண்ணின் வால் மட்டும் மாறும். நிரலின் முகமும் நடத்தையும் மாறுவது அரிது. இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். உபுண்டுவில் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' என்ற சேவை இவற்றை நாள்தோறும் தானாகவே நிறுவுகிறது. கைப்பேசி இணையத்தில் டேட்டா தீர்ந்துபோகிறது என்று சிலர் அதை நிறுத்திவைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டேட்டாவை மிச்சப்படுத்த வேறு எதையாவது குறையுங்கள்.

இங்க்ஸ்கேப் புதிய பதிப்புக்குத் தாவுவதும், உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்குப் போவதும் தூண் மாற்றும் வேலை. அதற்கு நாள் பார்க்க வேண்டும்.

நான் நாள் பார்க்காமல் செய்தது 2017-இல். இங்க்ஸ்கேப் 0.92 அந்த ஆண்டு சனவரியில் வெளியானது. உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்தில் (நிரல்களை இணையத்தில் சேர்த்துவைத்திருக்கும் இடம்) அது வருவதற்குள், வெளிக் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்து அவசரமாக நிறுவினேன். அதுவரை ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளி என்றிருந்த கணக்கு அந்தப் பதிப்பில் 96 ஆனது. வரி இடைவெளியைக் கணக்கிடும் முறையும் மாறியது. அப்போது கைவசம் ஓர் அழைப்பிதழ் பாதி வேலையில் இருந்தது. பழைய கோப்பைத் திறந்ததும், அளவை எப்படி மாற்றட்டும் என்று நிரல் கேட்டது. ஏதோ ஒன்றைச் சொடுக்கிவிட்டு மாதிரிப் படி எடுத்தேன். தேவகோட்டையிலிருந்து வந்திருந்த ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். "என்னம்மா இது, இளையாத்தங்குடிக் கோயில் என்பதன் மேலேயே அடுத்த வரி ஏறி உட்கார்ந்திருக்கிறதே?" என்றார்கள். நகரத்தார் அழைப்பிதழில் கோயில் பெயர்தான் குடும்பத்தின் அடையாளம். "நாளைக்குச் சரிசெய்து தருகிறேன் ஆச்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டு, இரவு முழுக்க ஒவ்வொரு வரியையும் கையால் நகர்த்தினேன். அன்றிலிருந்து வேலை கையில் இருக்கும்போது பதிப்பு மாற்றுவதில்லை.

தொடங்குவதற்கு முன்

முதலில் மின்சாரம். பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவிப்பு வந்த நாளிலும், இடி மழை மிரட்டும் மாலையிலும் புதுப்பிக்காதீர்கள். மடிக்கணினி என்றால் மின்கலம் நிறைந்திருக்கட்டும். மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் பேட்டரி உண்மையிலேயே தாங்குகிறதா என்று ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், கணினியை அணைத்துவிட்டு ஒரு குண்டு பல்பை மாட்டி.

அடுத்து, திரும்பி வரும் வழி. டைம்ஷிஃப்ட் என்ற நிரல் உபுண்டுவின் களஞ்சியத்திலேயே இருக்கிறது. லினக்ஸ் மின்டில் கூடவே வருகிறது. புதுப்பிப்பதற்கு முன் அதில் ஒரு நிலைப்படம் எடுத்துவிட்டால், ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்கு மீளலாம். கணினி திரைவரை வராவிட்டாலும், யுஎஸ்பி குச்சியிலிருந்து உபுண்டுவை இயக்கி அதே நிலைப்படத்தை மீட்கலாம். ஒன்றை மறக்காதீர்கள்: டைம்ஷிஃப்ட் வழக்கமான அமைப்பில் உங்கள் சொந்தக் கோப்புகளை எடுப்பதில்லை, இயங்குதளத்தை மட்டுமே எடுக்கிறது. அழைப்பிதழ்க் கோப்புகளைத் தனி வெளித்தட்டில் நான் நகலெடுத்து வைப்பது இதனால்தான்.

சம்மதிப்பதற்கு முன் வாசிக்க வேண்டியவை

நிரல்களை நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் கருவியின் பெயர் ஆப்ட். 'ஆப்ட் அப்டேட்' என்பது எதையும் நிறுவாது. களஞ்சியத்தில் என்னென்ன புதிதாக வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும் கொண்டுவரும். பயமில்லாமல் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். பிறகு 'ஆப்ட் லிஸ்ட்', இடைவெளி, இரண்டு சிறு கோடு, 'அப்கிரேடபிள்' என்று தட்டினால் எந்தெந்தப் பொதிகள் (நிறுவுவதற்காகக் கட்டிவைத்த நிரல் மூட்டைகள்) காத்திருக்கின்றன என்று தெரியும். பொதியின் பெயருக்குப் பின்னால் 'செக்யூரிட்டி' என்ற சொல் இருந்தால் அது பாதுகாப்புத் திருத்தம்.

நிறுவும் கட்டளை மூன்று உருவில் இருக்கிறது. பலர் குழம்புவது இங்கேதான். பழைய 'ஆப்ட்-கெட் அப்கிரேட்' இருப்பவற்றை மட்டும் புதுப்பிக்கும்; புதுப் பொதி எதையும் சேர்க்காது, எதையும் நீக்காது. 'ஆப்ட் அப்கிரேட்' தேவைப்பட்டால் புதுப் பொதியைச் சேர்க்கும், ஆனால் இருக்கும் எதையும் நீக்காது. 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' வேண்டுமென்றால் நீக்கவும் செய்யும். அன்றாடத்துக்கு நடுவில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். இணையத்தில் எதைத் தேடினாலும் மூன்றாவதை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அது தவறான கட்டளை அல்ல. அது தரும் பட்டியலைக் கடைசி வரி வரை வாசிக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு உரியது.

கட்டளையைத் தட்டியதும் உடனே எதுவும் நடந்துவிடாது. முதலில் பட்டியல் வரும்: புதுப்பிக்கப்படுபவை, புதிதாகச் சேர்பவை, நிறுத்திவைக்கப்பட்டவை, நீக்கப்படுபவை. கடைசியில், தொடரட்டுமா என்று கேட்டு அடைப்புக்குறிக்குள் பெரிய 'ஒய்', சிறிய 'என்' காட்டும். பெரிய எழுத்தில் இருப்பதுதான் எண்டர் விசையின் பொருள். அதாவது வெறுமனே எண்டரைத் தட்டினாலும் சம்மதம் சொன்னதாகிவிடும். சந்தேகம் இருந்தால் 'என்' தட்டி வெளியே வந்துவிடுங்கள். ஒரு நட்டமும் இல்லை.

'ரிமூவ்டு' என்ற தலைப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அதன் கீழ் ஒன்றிரண்டு பழைய நூலகப் பொதிகள் (மற்ற நிரல்கள் துணைக்குப் பயன்படுத்துபவை) இருந்து, அவற்றின் பெயரிலேயே புதிய எண்ணோடு வேறு பொதிகள் சேர்கின்றன என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. டெஸ்க்டாப், க்னோம் (இரண்டும் திரைக்கு), நெட்வொர்க்-மேனேஜர் (இணையத்துக்கு), கப்ஸ் (அச்சுக்கு) போன்ற பெயர்கள் அங்கே தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். 2021 நவம்பரில் வெளியான ஒரு காணொளியில் லைனஸ் செபாஸ்டியன் என்ற புகழ்பெற்ற யூடியூபர் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் ஓடும் கணினியில் ஸ்டீம் என்ற விளையாட்டு நிரலை நிறுவப் போனார். களஞ்சியத்தில் அப்போதிருந்த ஒரு பிழையால், அதை நிறுவ வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டும் என்று கணினி கணக்குப் போட்டது. நீக்கப்போகும் பட்டியலைக் காட்டி, ஆபத்து என்று எச்சரித்து, 'யெஸ், டூ ஆஸ் ஐ ஸே' என்று முழு வாக்கியத்தையும் தட்டச் சொன்னது. அவர் தட்டினார். டெஸ்க்டாப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஆப்ட் கருவியை எழுதுபவர்கள் அப்படித் தட்டி நீக்குவதையே கடினமாக்கிவிட்டார்கள். அவ்வளவு விவரம் தெரிந்தவருக்கே நேர்ந்தது என்பதால்தான், பட்டியலை வாசிக்காமல் என்னிடம் சம்மதம் கேட்பவர்களை நான் விடுவதில்லை.

நிறுத்திவைக்கப்பட்டவை என்ற தலைப்பைப் பார்த்துச் சிலர் பதறுகிறார்கள். உபுண்டு சில புதுப்பிப்புகளை எல்லோருக்கும் ஒரே நாளில் தருவதில்லை. முதலில் கொஞ்சம் பேருக்குக் கொடுத்து, புகார் வருகிறதா என்று பார்த்துவிட்டு, படிப்படியாக மற்றவர்களுக்கு விடுகிறது. உங்கள் முறை வரவில்லை, அவ்வளவுதான். வலிந்து நிறுவாதீர்கள்; சில நாளில் தானே வரும். பாதுகாப்புத் திருத்தங்களுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது.

உங்கள் கோப்பா, அவர்கள் கோப்பா

புதுப்பித்தல் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்று ஒரு கேள்வி கேட்கும். எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இந்தக் கேள்விக்காகத்தான்.

என் கடையில் ஒரே லேசர் அச்சுப்பொறியை இரண்டு கணினிகளும் பயன்படுத்துகின்றன. அதற்காக அச்சுப்பொறிப் பகிர்வின் அமைப்புக் கோப்பில் நான் சில வரிகள் எழுதியிருக்கிறேன். அதே கோப்பைப் பொதியைத் தயாரிப்பவர்களும் மாற்றியிருந்தால், கணினிக்கு யாருடையதை வைப்பது என்று தெரியாது. அப்போதுதான் கேட்கும். நீங்கள் மட்டும் மாற்றியிருந்தாலோ அவர்கள் மட்டும் மாற்றியிருந்தாலோ கேட்காது. கேள்வி வருவதே, அங்கே உங்கள் கைவேலை இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

'ஒய்' அல்லது 'ஐ' தட்டினால் அவர்களுடைய புதிய கோப்பு வரும். 'என்' அல்லது 'ஓ' தட்டினால் உங்கள் கோப்பு அப்படியே இருக்கும். 'டி' தட்டினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். 'இசட்' தட்டினால் நீங்களே ஆராய்ந்து பார்க்க ஒரு முனையத்தைத் திறந்துவிடும். முதல் கேள்வியில் எண்டர் என்றால் சம்மதம். இங்கே எண்டர் என்றால் உங்கள் பழைய கோப்பே இருக்கட்டும் என்று பொருள். இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள்.

நான் செய்வது இது. முதலில் 'டி' தட்டி வாசிக்கிறேன். கூட்டல் குறி உள்ள வரிகளையும் கழித்தல் குறி உள்ள வரிகளையும் பார்த்தாலே எது என் கைவேலை என்று தெரிந்துவிடும். 'க்யூ' தட்டினால் கேள்விக்குத் திரும்பலாம். அன்றாடப் புதுப்பித்தல் என்றால் 'என்' கொடுக்கிறேன். அவர்களுடைய புதிய கோப்பு தொலைந்துவிடாது. அதே இடத்தில், பெயரின் முடிவில் 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற ஒட்டோடு காத்திருக்கும். மாறாக 'ஒய்' கொடுத்திருந்தால் உங்கள் பழைய கோப்பு 'டிபிகேஜி-ஓல்டு' என்ற ஒட்டோடு இருக்கும். கடையை அடைத்தபின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்து, புதியதில் நல்லது ஏதும் இருந்தால் என் கோப்பில் சேர்த்துக்கொள்கிறேன். இந்த ஒப்பிடும் வேலையை ஒத்திவைத்துக்கொண்டே போகாதீர்கள். பழைய கோப்பையே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால், ஒருநாள் புதிய நிரலுக்கு அதன் வரிகள் புரியாமல் போய், சேவை எழும்பாமல் கிடக்கும்.

நீங்கள் ஒருபோதும் தொட்டதாக நினைவில்லாத கோப்பைப் பற்றிக் கேட்டால், அதை ஏதோ ஒரு நிறுவல் நிரலோ, முன்பு கணினியைப் பார்த்துக் கொடுத்தவரோ மாற்றியிருக்கலாம். அப்போதும் 'டி' தான் முதல் பதில்.

வெளிக் களஞ்சியமும் புதுமை ஆசையும்

2017-இல் நான் செய்ததுபோல வெளிக் களஞ்சியத்தைச் சேர்ப்பது எளிது. அதனால் வரும் சிக்கலைக் கழற்றுவதுதான் கடினம். அதிலிருந்து வரும் பொதி, உபுண்டுவின் சொந்தப் பொதியை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. பதிப்பு மாற்றும்போது மோதல்கள் பெரும்பாலும் இங்கிருந்தே கிளம்புகின்றன. ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்கள் என்றால் 'பிபிஏ-பர்ஜ்' என்ற கருவி அதை நீக்கி உபுண்டுவின் பொதிக்கே திருப்பிவிடும். புதிய இங்க்ஸ்கேப்பைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், அதன் இணையதளத்தில் ஆப்இமேஜ் என்ற ஒற்றைக் கோப்பாகக் கிடைக்கிறது. இயங்குதளத்தில் எதையும் நிறுவாமல் அதை ஓட்டிப் பார்க்கலாம். மூலக் கோப்பை மட்டும் அதில் திறக்காதீர்கள். நகலைத் திறந்து பாருங்கள்.

எல்லாவற்றிலும் புதியதுதான் பாதுகாப்பானது என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2024 மார்ச் 29 அன்று ஆன்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு (திருட்டுத்தனமாக நுழையும் வழி) வைத்திருப்பதை வெளியிட்டார். தொலைவிலிருந்து உள்நுழையும்போது அரை நொடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் துருவியதில் அகப்பட்டது அது. டெபியனின் சோதனைப் பதிப்பு, ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸின் வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பு போன்ற, முன்னால் ஓடுகிற இடங்களில்தான் அது நுழைந்திருந்தது. டெபியனின் நிலைப் பதிப்பையும், அதற்குமுன் வெளியாகியிருந்த உபுண்டு பதிப்புகளையும் அது எட்டவில்லை. வெளிவர இருந்த உபுண்டு 24.04-இன் முன்னோட்டப் பதிப்பை ஒரு வாரம் தள்ளிவைத்துப் பொதிகளைப் புதிதாகக் கட்டினார்கள். பிழைப்புக்குக் கணினி வைத்திருப்பவர்கள் நிலைப் பதிப்பிலேயே இருங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறிப்பிட்ட ஒரு பொதியை மட்டும் அசையாமல் வைக்க 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' என்று தட்டி, பொதியின் பெயரைத் தட்டுங்கள். பெரிய வேலை கையில் இருக்கும் இரண்டு வாரம் ஸ்க்ரைபஸை அப்படி நிறுத்திவைப்பேன். நிறுத்தப்பட்ட பொதிக்குப் பாதுகாப்புத் திருத்தமும் வராது. ஆகவே வேலை முடிந்த அன்றே 'அன்ஹோல்ட்' கொடுத்துவிடுங்கள். எவை நிறுத்தப்பட்டிருக்கின்றன என்பது மறந்துவிட்டால் 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' காட்டும்.

பதிப்பு மாற்ற நாள் பார்ப்பது

உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது. வந்த அன்றே தாவ வேண்டியதில்லை. பழைய பதிப்புக்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. பழைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவர்களுக்கு, முதல் திருத்த வெளியீடு வந்தபிறகுதான் மாறச் சொல்லி அழைப்பே வரும். 24.04-க்கு அந்தத் திருத்தம் 2024 ஆகஸ்ட் 29 அன்று வந்தது. ஆகஸ்ட் கடைசி என்றால் ஆவணி. எனக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஆனால் தை முகூர்த்தத்துக்கான வேலை மார்கழி நடுவிலேயே சூடுபிடித்துவிடும். எனவே மார்கழி முதல் வாரத்தில் ஒரு கணினியை மட்டும் மாற்றுகிறேன். மற்றது பழைய பதிப்பிலேயே தை முடியும்வரை நிற்கும். புதியதில் ஏதாவது தகராறு என்றால் எழுந்துபோய் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தால் போதும்.

ஒரே கணினி வைத்திருப்பவர்கள் டைம்ஷிஃப்ட் நிலைப்படம், கோப்புகளின் நகல், துவக்க யுஎஸ்பி இம்மூன்றும் கையில் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் புதுப்பித்தபின் கணினியை அணைத்துத் துவக்குங்கள். துவக்கி, அச்சுப்பொறியும் இணையமும் ஒலியும் சரியாக இருப்பதைப் பார்த்தபின்தான் 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கொடுக்க வேண்டும்; அதிலும் நீக்கும் பட்டியலை வாசியுங்கள். புதிய கெர்னலில் திரை கறுப்பாகவே நின்றால், துவங்கும்போது எஸ்கேப் விசையை (பழைய கணினி என்றால் ஷிஃப்ட் விசையை) அழுத்தி, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வரலாம்.

நடுவில் மின்சாரம் போனால்

எனக்கு ஒருமுறை நடந்தது. ஐப்பசி மழை; யுபிஎஸ் பேட்டரி காலாவதியாகியிருந்தது; பொதிகள் பாதி விரிந்த நிலையில் கணினி அணைந்தது. மீண்டும் துவக்கியதும் எதை நிறுவப் போனாலும் பிழை வந்தது. பதறி மறுபடி இயங்குதளத்தையே நிறுவ வேண்டியதில்லை. 'டிபிகேஜி', இடைவெளி, இரண்டு சிறு கோடு, 'கான்ஃபிகர்', இடைவெளி, ஒரு சிறு கோடு, 'ஏ' என்று தட்டுங்கள். பாதியில் நின்ற பொதிகளை அது முடித்துவைக்கும். பிறகு 'ஆப்ட்', இடைவெளி, இரண்டு சிறு கோடு, 'ஃபிக்ஸ்-ப்ரோக்கன்', இடைவெளி, 'இன்ஸ்டால்'. இதிலும் நீக்கும் பட்டியல் வந்தால் வாசித்துவிட்டே சம்மதியுங்கள். என் கணினி கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டது. வேறொரு நிரல் பூட்டு வைத்திருக்கிறது என்று பிழை வந்தால், பின்னணியில் தானியங்கிப் புதுப்பித்தல் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். சில நிமிடம் காத்திருங்கள். பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்காதீர்கள்.

என்னென்ன எப்போது மாறியது என்பதை ஆப்ட் கருவியே தன் வரலாற்றுப் பதிவில் எழுதிவைக்கிறது. 'வார்' என்ற அடைவுக்குள் 'லாக்', அதற்குள் 'ஆப்ட்', அதற்குள் 'ஹிஸ்டரி.லாக்'. நேற்றுவரை ஓடிய அச்சுப்பொறி இன்று ஓடவில்லை என்றால் முதலில் அதைத்தான் திறப்பேன். அதோடு, கணக்குச் சிட்டையின் பின்பக்கங்களில் கையாலும் எழுதிவைக்கிறேன்: தேதி, எதைப் புதுப்பித்தேன், கேள்விக்கு என்ன பதில் சொன்னேன்.

இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறேன். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களின் பெயர்களையும், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் நெருங்கி வரும் சில சொற்களையும் வைத்து ஒரு சோதனைத் தாள் தயாரித்திருக்கிறேன். புதுப்பிப்பதற்கு முன் ஒரு படி, புதுப்பித்தபின் ஒரு படி அச்சிடுகிறேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முன்வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன். இளையாத்தங்குடி முதல் வேலங்குடி வரை ஓர் எழுத்தும் விலகாமல் பொருந்தியிருந்தால், அடுத்த வாடிக்கையாளரின் கோப்பைத் திறக்கிறேன்.